கழுத்து திருகினால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வளர்ப்புப் பறவைகள் பக்கத்தைப் படித்தேன். கழிச்சலுக்கு இந்த மாத்திரை, சளிக்கு இந்தப் பொடி, கழுத்துத் திருகலுக்கு இந்தச் சொட்டு மருந்து என்று கட்டம் போட்டு அழகாக அச்சிட்டிருந்தீர்கள். வெட்டியெடுத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது. என் கவலையே அதுதான். இந்நேரம் பலர் ஒட்டியிருப்பார்கள்.

நான் கால்நடை நோய் கண்டறியும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் இல்லை. எச்சம், ரத்தம், செத்த பறவையின் குடலில் சுரண்டியது என்று வருவதையெல்லாம் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்டதை எழுதிக் கொடுப்பது என் வேலை. வீட்டில் புறா வளர்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கோழிகளும், பேத்தியின் லவ் பேர்ட்ஸும் கூட என்னிடம்தான் வைத்தியத்துக்கு வரும். கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, ‘இதுவரை என்ன கொடுத்தீர்கள்?’ என்பதுதான். ஒன்றுமே கொடுக்கவில்லை என்ற பதில் அபூர்வம். யாரோ சொன்ன ஆன்டிபயாடிக், அது கேட்காததால் இன்னொன்று, கூடவே சத்து மருந்து. இவ்வளவும் உள்ளே போன பிறகு எடுத்த மாதிரியை எத்தனை முறை பார்த்தாலும் தெளிவான விடை கிடைக்காது.

உங்கள் கட்டத்தின் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கழுத்துத் திருகல். தடுப்பூசி போடாத கோழிக்கு இது வந்தால் வெள்ளைக்கழிச்சல் நோய் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் ஜாவாவிலும் அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய் இது. நம்மிடம் ராணிக்கெட் என்று பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தலை முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி இல்லாத மந்தையில் ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் உண்டு. இந்த வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது.

அதே வைரஸின் இன்னொரு வகை புறாவுக்கு வரும்போது நோயின் முகமே மாறிவிடுகிறது. முதலில் எச்சம் நீர்த்துப்போகும். தட்டெல்லாம் தண்ணீர், நடுவில் சின்னதாகத் திரி போலக் கொஞ்சம் மலம். சில நாட்களில் தலை ஆட ஆரம்பிக்கும், கழுத்து சுற்றும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். புறாவுக்குப் பசி இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, தானியத்தைக் குறிபார்த்துக் கொத்துகிறது, ஆனால் அலகு தானியத்துக்கு அரை விரற்கடை தள்ளி விழுகிறது. மறுபடி கொத்துகிறது, மறுபடி தப்புகிறது. இப்படிப்பட்ட புறா நோயால் சாவதைவிடப் பட்டினியால் சாவதுதான் அதிகம். ஆழமான கிண்ணத்தில் தானியத்தைக் குவித்து வைத்தால் எங்கே கொத்தினாலும் ஏதாவது அகப்படும். முடியாவிட்டால் ஊறவைத்த தானியத்தைக் கையால் ஊட்ட வேண்டும். சில வாரங்களில் பெரும்பாலானவை தேறிவிடும். ஆனால் அதுவரை எச்சத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும், அதனால் தனியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பந்தயப் புறாக்களிடையே இது பரவியது. 1984-இல் பிரிட்டனில், லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் புறா எச்சம் பட்ட தீவனத்தின் வழியாகக் கோழிப் பண்ணைகளுக்குள்ளும் நுழைந்தது. புறாவையும் கோழியையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, மீந்த தானியத்தை இங்கிருந்து அங்கே அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, புறாவின் கழுத்து திருகினாலே இந்த வைரஸ்தானா என்றால் அதுவும் இல்லை. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா மூளைக்கு ஏறினாலும் கழுத்து திருகும். அந்தப் புறாவைக் கையில் எடுத்து இறக்கை மூட்டைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புடைத்து, தொட்டால் சூடாக இருக்கலாம். இறக்கையைத் தொங்கப் போட்டிருக்கும், உடம்பும் மெலிந்திருக்கும். இங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு. எந்த ஆன்டிபயாடிக் என்பதைக் கிருமியை வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கோழிக்குஞ்சு தலையை முதுகோடு மடக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால் பி1 வைட்டமின் சத்துக் குறைவாக இருக்கலாம். அந்தச் சத்தைக் கொடுத்ததும் சில மணி நேரத்திலேயே தலை நேராவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிளி வகைகள் கூண்டின் துத்தநாகப் பூச்சைக் கொறித்தோ, ஈயத்தை விழுங்கியோ நரம்பு கெட்டு ஆடும். சுவரில் மோதி மண்டையில் அடிபட்டதும் அப்படித்தான் ஆடும். உங்கள் கட்டத்தில் இத்தனைக்கும் ஒரே வரி, ஒரே சொட்டு மருந்து.

கழிச்சலுக்கு வருவோம். பறவையின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. குடலிலிருந்து வரும் பச்சை அல்லது பழுப்புத் திரி, அதன் மேல் தொப்பி போட்ட மாதிரி வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் நீர். அந்த வெள்ளை சிறுநீரகத்திலிருந்து வருகிற உப்பு; நல்ல ஆரோக்கியமான பறவைக்கு அது இருந்தே தீரும். வெள்ளையைப் பார்த்ததும் வெள்ளைக்கழிச்சல் என்று ஓடி வந்தவர்களை எண்ணி மாளாது. கோழி இடையிடையே ஒருமுறை கரும்பழுப்பாக, பசை மாதிரி, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு போடும். குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகள் காலியாகும்போது வருவது அது. அதுவும் நோய் இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. திரியே இல்லாமல் வெள்ளையும் நீரும் மட்டும் வந்தால் பறவை சாப்பிடவில்லை. வெள்ளைப் பகுதி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ஈரலில் கோளாறு இருக்கலாம். லவ் பேர்ட்ஸின் எச்சத்தில் முழுத் தினை அப்படியே வந்தால் இரைப்பை வேலை செய்யவில்லை. கூண்டின் அடியில் மணலுக்குப் பதில் வெள்ளைத் தாளைப் போடுங்கள். தினமும் காலையில் தாளை மாற்றும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ரத்தக் கழிச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய குழப்பம் அதில்தான் இருந்தது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையிலான குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கூட்டமாக ஒடுங்கி நிற்கும். எச்சத்தில் ரத்தம். காரணம் ஐமீரியா என்கிற ஓரணு ஒட்டுண்ணி. எச்சத்தைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கிச் சிறிது நேரம் விட்டால் அதன் முட்டைகள் மேலே மிதந்து வரும். தகட்டில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி மணிகளைக் கொட்டி வைத்தது போல இருக்கும். கீழே விழுந்தவுடன் இந்த முட்டைக்கு நோய் தரும் சக்தி கிடையாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றிவிடும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கிடக்கும் உமிதான் அதற்கு ஏற்ற இடம். வழக்கமான கிருமிநாசினிகள் எதுவும் இதன் ஓட்டைத் துளைக்காது. நனைந்த உமியை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்ததைப் பரப்புவதுதான் வழி.

இதற்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் அடுத்த வரியிலேயே ‘சோர்வு தீர பி காம்ப்ளெக்ஸ் சேர்த்துக் கொடுக்கவும்’ என்று இருக்கிறது! ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 சத்தைப் போல வேடம் போட்டு, ஒட்டுண்ணிக்கு அந்தச் சத்து கிடைக்காமல் தடுப்பதால்தான். பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் பி1-ஐயும் அதே தண்ணீரில் கலந்தால் மருந்தின் வேலை கெட்டுப்போகிறது. மருந்துக் கெடு முடிந்த பிறகு சத்து மருந்து கொடுக்கலாம். இன்னொரு சந்தேகமும் பலர் கேட்பார்கள்: கோழியிடமிருந்து புறாவுக்கு இது ஒட்டுமா? ஒட்டாது. கோழியின் ஐமீரியா கோழியோடு சரி, புறாவுக்கு அதன் இனம் வேறு.

வாய்ப்புண் விஷயத்திலும் இதே கதைதான். புறாவின் வாயைத் திறந்தால் தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி மாதிரி படிந்திருக்கும். கேங்கர் என்பார்கள். டிரைக்கோமோனஸ் என்ற ஓரணு உயிரி. தாய்ப் புறாவும் தந்தைப் புறாவும் தொண்டைப் பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும் பாலோடு சேர்ந்து போய்விடும். பெரியவற்றுக்குப் பொதுத் தண்ணீர்த் தட்டிலிருந்து தொற்றும். பார்ப்பதற்கு நல்லாயிருக்கும் புறாவும் தொண்டையில் இதை வைத்துக்கொண்டிருக்கலாம். ஈரப் பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி, வெதுவெதுப்பான உப்புநீரில் ஒரு சொட்டு எடுத்து உடனே பார்த்தால், பேரிக்காய் வடிவத்தில் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும். ஆறிவிட்டாலோ காய்ந்துவிட்டாலோ அசைவு நின்றுவிடும், அப்புறம் அடையாளம் காண்பது கஷ்டம். பஞ்சுக் குச்சியைத் தாளில் சுற்றி மறுநாள் கொண்டு வந்து கொடுக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புறாவையே கொண்டு வாருங்கள். இதற்கு மெட்ரோனிடசோல் வகை மருந்துதான் கேட்கும். 2005 முதல் பிரிட்டனில் தோட்டத்துச் சிட்டினங்களுக்கு இதே நோய் பரவி, பச்சைச் சிட்டுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. தானியமும் தண்ணீரும் வைக்கும் தட்டுகள் கழுவப்படாமல் இருந்தது அங்கே ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் வாயில் படிவதெல்லாம் கேங்கர் இல்லை. அம்மை நோயின் ஈர வகையும் தொண்டையில்தான் படியும். கொசு கடித்துப் பரவும் வைரஸ் அது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அம்மை. வெறும் விதையை மட்டுமே தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ சத்துக் குறைந்தாலும் வாயில் வெள்ளைத் தழும்புகள் வரும். ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் கொடுத்த பறவைக்குக் காளான் படியும், அதுவும் வெள்ளைதான். தயவுசெய்து எதையும் நகத்தால் பிய்க்காதீர்கள். அடியில் ரத்தக்குழாய் இருக்கும்.

சளி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கு வரும் நாள்பட்ட சளிக்குப் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா காரணம். அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. பெனிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் செல்சுவரைத்தான் தாக்குகின்றன. அப்படியிருக்க உங்கள் கட்டத்தில் சளிக்கு நேரே அமாக்சிசிலின் என்று எழுதியிருப்பதை என்ன சொல்ல? பூசணம் பிடித்த வைக்கோலிலிருந்து நுரையீரலில் காளான் ஏறினாலும் மூச்சு இரையும், அங்கே எந்த ஆன்டிபயாடிக்கும் வீண்.

ஆய்வகத்துக்காரர்களும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. லவ் பேர்ட்ஸ் நாள் முழுக்கத் தீனிக் கிண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கும், விதையை உரித்துக்கொண்டே இருக்கும், ஆனால் மெலிந்துகொண்டே போகும். எச்சத்தில் நீளநீளமாகக் குச்சி போன்ற உருவங்கள் தெரியும். வெகுகாலம் இதைப் பெரிய பாக்டீரியா என்றே நினைத்து ‘மெகா பாக்டீரியா’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். 2003-இல்தான் அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட் வகைக் காளான் என்பது உறுதியானது. காளானுக்கான மருந்தில்தான் அது அடங்கும். தகட்டை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கே இந்த நிலை என்றால், தூரத்திலிருந்து அறிகுறியைப் படித்து மருந்து சொல்வது எப்படிச் சரியாக வரும்?

மருந்தே விஷமாவதும் உண்டு. குடற்புழுவுக்குக் கோழிக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலைப் புறாவுக்குக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படலாம். இறகு உதிர்த்து முளைக்கும் சமயத்தில் கொடுத்தால் புது இறகு கோணலாக வரும். லவ் பேர்ட்ஸின் அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரி பொரிந்து வருவதும், கோழியின் கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசினது போலாவதும் ஒரே குடும்பத்து உண்ணிகளின் வேலை. மருந்தும் ஒரே ஐவர்மெக்டின்தான். ஆனால் லவ் பேர்ட்ஸின் எடை 30 முதல் 40 கிராம். கோழிக்கு ஊற்றுகிற கைப்பழக்கத்தில் ஒரு சொட்டு கூடினாலும் பறவை தாங்காது. முட்டையிடும் கோழிக்குக் கண்டபடி மருந்து கொடுத்தால் அது முட்டையிலும் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் அந்த முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

அப்படியென்றால் வீட்டில் இருப்பவர்கள் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நோயுற்ற பறவையைத் தனியாக வையுங்கள். சின்னப் பறவை என்றால் கூண்டின் ஒரு பக்கத்தில் விளக்கு போட்டு 30 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பு கொடுங்கள். பறவையின் உடல் வெப்பம் 41 டிகிரிக்குப் பக்கம், அதைக் காப்பாற்றவே அதற்கு இருக்கும் தெம்பெல்லாம் செலவாகிவிடும். நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் நோய் புதிது, எலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டால் பழைய நோய். பறவை சீக்கை மறைக்கும், கடைசி வரை தின்பது போல நடிக்கும், எடையைக் காட்டும் தராசிடம் மட்டும் நடிக்க முடியாது. நல்ல பறவைகளுக்குத் தீனி வைத்த பிறகே நோயாளியிடம் போங்கள். புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள்.

பிறகு, எந்த மருந்தும் கொடுக்கும் முன் மாதிரி எடுங்கள். அன்று காலை விழுந்த புது எச்சம், சின்ன மூடி போட்ட டப்பாவில், பெயரும் தேதியும் எழுதி. செத்த பறவையைக் கொண்டு வருவதென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்துக் கொண்டு வாருங்கள், உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கிவிடாதீர்கள். உறைந்து இளகிய குடலில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரே நேரத்தில் பல பறவைகள் திடீரென்று செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருந்தால் தொடாமல், அறுத்துப் பார்க்காமல், அரசு கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். பறவைக் காய்ச்சல் விஷயத்தில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. 1997-இல் ஹாங்காங்கில் 18 மனிதர்களுக்கு அது தொற்றி 6 பேர் இறந்துபோனார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு, அந்தக் கட்டத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி போடுங்கள். கட்டம்தான் வேண்டுமென்றால் தடுப்பூசிக்கு ஒன்று போடுங்கள்: வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, பிறகு எட்டாவது வாரத்தில் ஊசி, அம்மைக்கு இறக்கைச் சவ்வில் குத்துவது. குடிநீரில் தடுப்பு மருந்து கலக்கிறவர்கள் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தால் மருந்திலுள்ள உயிர் வைரஸ் செத்துவிடும், ஆடை நீக்கிய பால் பொடியை முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் போடுங்கள். ஐஸ் பெட்டி இல்லாமல் வெயிலில் எடுத்து வந்த தடுப்பு மருந்தும் தண்ணீரும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் உங்கள் பக்கத்தில் சொல்லாமல் விட்டிருந்தீர்கள். கிளிக்கும் புறாவுக்கும் வரும் சிட்டகோசிஸ் மனிதனுக்கும் ஒட்டும். பறவைக்குக் கண்ணில் நீர், மூக்கில் சளி, பச்சை எச்சம். சிலதுக்கு ஒன்றுமே தெரியாது. காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தவருக்குக் கடும் காய்ச்சல், மண்டையிடி, வறட்டு இருமல். 1929, 1930-இல் கப்பலில் போன கிளிகளோடு பல நாடுகளுக்குப் பரவி உயிர்களை வாங்கியது. பறவைக்கு 45 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் கூண்டிலிருக்கும் கணவாய் மீன் ஓடு, சுண்ணாம்புக் கட்டி இரண்டையும் எடுத்துவிட வேண்டும், கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கூண்டைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். காய்ச்சல், இருமல் என்று மருத்துவரிடம் போனால் வீட்டில் பறவை வளர்ப்பதை நீங்களாகவே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்